மரச்சட்ட எம்.ஜி. காரை வீட்டிலேயே புதுப்பித்தல்: பசை பூச முதல் கதவைக் கொழுவுங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கராஜில் பெரியப்பாவின் எம்.ஜி. டி.டி. என்ற பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் பல வருடங்களாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. 1952ஆம் ஆண்டு வண்டி, 1250 சீசீ என்ஜின். வெளித்தகரம் பார்க்க நன்றாகவே இருந்தது. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தபோது கதவோடு தூணும் சேர்ந்து அசைந்தது. தூணின் அடியைப் பெருவிரலால் அழுத்தினேன், தேநீரில் தோய்த்த பிஸ்கட் மாதிரி உள்ளே போனது.

இந்தக் காரில் சில்லும் என்ஜினும் பூட்டும் சேஸி இரும்புதான். அதன்மேல் உட்காரும் பொடிக்கு (காரின் மேற்கூட்டுக்கு) ஆஷ் என்ற ஐரோப்பிய மரத்தில் சட்டம் செய்து, தகரத்தை அதன் ஓரங்களில் மடித்து ஆணி அடித்திருப்பார்கள். மோர்கன் என்ற பிரித்தானியக் காரிலும் பொடிக்கு இதே ஆஷ் சட்டம்தான். அதன் சேஸியே மரம் என்று பலர் நம்புவது தவறு. ஆஷ் மரம் அதிர்வைத் தாங்கும், ஸ்குரூவை விடாமல் பிடிக்கும், ஆனால் ஈரம் தேங்கினால் உக்கிவிடும். கடற்காற்றும் மழையும் உள்ள கொழும்பில் முதலில் போவது கதவுத் தூண்களின் அடியும் அவை நிற்கும் அடிச்சட்டமும்.

ஜாக்கி வைப்பது, பற்றரி கழற்றுவது, பெற்றோல் டாங்கை வெறுமையாக்கி இறக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஸ்பனாவைப் பற்றி மட்டும் ஒரு சொல். சேஸியில் இருப்பவை பழைய பிரித்தானிய அளவு போல்ட்டுகள். என்ஜினில் புரி மெட்ரிக், தலை விட்வர்த் என்ற பழைய பிரித்தானிய அளவு. மில்லிமீட்டர் ஸ்பனாவை வைத்து நெம்பினால் தலை வழுக்கிவிடும். பஞ்சிகாவத்தையில் பழைய விட்வர்த் ஸ்பனாக்களைத் தேடி எடுங்கள். தேய்ந்த பழசென்றாலும் அளவு சரியாக இருந்தால் போதும்.

படி 1: கழற்ற முதல் முட்டுக் கொடுங்கள்

தகரத்தில் கை வைக்க முதல், கதவு வாசலின் குறுக்கே இரண்டு கட்டைகளை மூலைவிட்டமாக இறுக்குங்கள். இடது தூணிலிருந்து வலது தூணுக்கும் ஒரு கட்டை வேண்டும். உக்கிய சட்டத்தை அதன் வடிவத்தில் பிடித்து வைத்திருப்பது தகரம்தான். தகரம் கழன்ற அடுத்த நிமிடமே சட்டம் சரியும். வாசலின் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து சுவரிலேயே எழுதி வையுங்கள். நான் கடதாசியில் எழுதித் தொலைத்தேன்.

படி 2: தகரம்

மழுங்கிய புட்டிக் கத்தியை மடிப்புக்குள் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஒரே இடத்தில் நெம்பினால் தகரம் கிழியும். கறள் பிடித்த ஆணித் தலைகளைச் சிறிய உளியால் தட்டி வெட்டிவிடலாம்.

படி 3: உக்கிய மரத்தை எறியாதீர்கள்

அதுதான் உங்கள் வரைபடம். தொட்டால் உதிரும் துண்டில் மெல்லிய எப்பொக்சியை (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) ஊறவிட்டால் ஒரு நாளில் கல்லாகிவிடும். பிறகு அதை மட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரையலாம். ஸ்குரூத் துளைகளையும் குறியுங்கள்.

படி 4: என்ன மரம்?

டி.டி. மாடலில் 1949 கடைசியிலிருந்து 1953 வரை 29,664 கார்கள் செய்தார்கள். அதனால் இன்றும் இங்கிலாந்தில் முழு ஆஷ் சட்டமே வாங்கலாம். கப்பல் கூலியையும் வரியையும் கணக்குப் பார்த்துவிட்டு நான் மொறட்டுவை மரக்காலைகளுக்குப் போனேன்.

என் தேர்வு சாவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல, திருகோணமலை மரம் என்றும் சொல்வார்கள். வண்டிலுக்கும் வள்ளத்துக்கும் காலங்காலமாகப் பயன்பட்ட மரம், வளைந்து கொடுக்கும், வெடிக்காது. தேக்கை எல்லாரும் சிபாரிசு செய்வார்கள். தேக்கு உக்காது என்பது உண்மை, ஆனால் அதிர்வில் பிளக்கும், எண்ணெய்த்தன்மையால் பசையும் சரியாகப் பிடிக்காது.

மரம் எதுவானாலும் காய்ந்திருக்க வேண்டும். காற்றில் காய ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. காய்ந்தது என்று கடையில் சொன்னாலும், ஒரு துண்டை வெட்டிச் சமையலறைத் தராசில் வாராவாரம் நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்ற பிறகுதான் சீவுளி பிடிக்க வேண்டும்.

படி 5: கதவு

இங்கேதான் எனக்கு மூன்று மாதம் போனது.

புதிய தூணையும் அடிச்சட்டத்தையும் மேசையில் வைத்து, மூலைமட்டம் பிடித்து, எப்பொக்சி பூசி, ஸ்குரூ இறுக்கி முடித்தேன். மூட்டுகள் அவ்வளவு அழகாக வந்திருந்தன. சேஸியில் ஏற்றிக் கதவை மாட்டினேன். கீழே கதவு சட்டத்தில் இடித்தது, மேலே பெருவிரல் போகும் இடைவெளி. இந்தக் காரில் கீல் பின்தூணில் இருக்கிறது. கீலடியில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கதவின் முன்முனையில் அது ஏறத்தாழ இரண்டாகத் தெரியும்.

பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தச்சாசாரி ஐயாவைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் மூட்டைப் பார்க்கவேயில்லை.

“தம்பி, பசை பூச முன்னம் கதவைக் கொழுவிப் பாத்தனீரோ?”

“இல்லை ஐயா.”

“கதவு பழசு, தூண் புதுசு. பழசுக்கு ஏத்த மாதிரித்தான் புதுசை வெட்டோணும்.”

ஒட்டிய மூட்டை அறுக்கத்தான் வேண்டியிருந்தது. நல்ல சாவண்டலைத் துண்டு ஒன்று வீணாய்ப் போனது. இரண்டாம் முறை அவர் சொன்னபடி செய்தேன்.

கார் தன் சொந்தச் சில்லுகளில், சமதரையில் நிற்க வேண்டும். ஜாக்கியில் நிற்கும் சேஸி கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். பசையில்லாமல் சட்டம் முழுவதையும் சேஸியில் பூட்டுங்கள், மூட்டுக்கு ஒரு ஸ்குரூவும் ஒரு கிளாம்ப்பும் போதும். தகரம் போர்த்த பழைய கதவைக் கொழுவி, சுற்றிவர ஒரே தடிப்புள்ள மட்டைத் துண்டுகளைச் செருகி மூடுங்கள். மட்டை எங்கே நசிகிறது, எங்கே கழன்று விழுகிறது என்று பார்த்தால் தூண் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது தெரியும். சிறு பிசகைச் சேஸிக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையில் மெல்லிய பட்டை வைத்தே சரிசெய்யலாம். தொழிற்சாலையிலும் அப்படித்தான் பட்டை வைத்துப் பூட்டினார்கள். பெயின்ட்டின் தடிப்புக்கும் இடம் விடுங்கள்.

காரைக் கையால் குலுக்கிவிட்டு ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையிலும் கதவு லேசாக மூடினால், ஒவ்வொரு மூட்டின் குறுக்கேயும் பென்சில் கோடு போடுங்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு மூட்டை மட்டும் கழற்றி, பசை பூசி, கோடு கோட்டோடு சேரும்படி இறுக்குங்கள். கதவு அது பாட்டில் தொங்கட்டும்.

படி 6: பசை, ஸ்குரூ, பூச்சு

மெதுவாக இறுகும் எப்பொக்சி வாங்குங்கள். காலை ஏழு மணிக்குப் பூசுங்கள். கொழும்பு வெயிலில் கோப்பைக்குள் கலந்து வைத்தால் பூச முதலே சூடேறி இறுகிவிடும். தட்டையான தட்டில் பரப்பி வையுங்கள். ஸ்குரூவுக்குப் பழைய சோனகத் தெருவில் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள். பித்தளைதான் வேண்டுமென்றால் முதலில் அதே அளவு இரும்பு ஸ்குரூவை விட்டுப் புரி வெட்டிக்கொள்ளுங்கள், நேராக விட்டால் தலை முறியும். கறையானுக்குப் போரிக் கரைசல் நல்லது. ஆனால் அது மழையில் கழுவிப்போகும், மேலே பூச்சு கட்டாயம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், கையில் தேக்குத்தான் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். ஒட்டும் முகத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் பசை பூசுங்கள்.

இன்னொருவருக்கு மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கியதும் கதவு இறுகிவிட்டதாம். போய்ப் பார்த்தேன். தூணின் நாலு பக்கமும் பூச்சு இருந்தது, அடியில் அறுத்த முகம் மட்டும் பச்சையாக விட்டிருந்தார். மரம் தண்ணீரை உறிஞ்சுவது அந்த முகத்தால்தான். தூணை நிறுத்த முதல் அதை மெல்லிய எப்பொக்சியில் மூன்று தடவை ஊறவிடுங்கள். என் காரின் இடது பக்கத் தூண்கள் இப்போது எப்பொக்சித் தட்டில்தான் நிற்கின்றன.