தீப்பெட்டியில் ஒரு சோடியம் பம்ப்

ரங்கூனில் கரண்ட் போனால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றுவிடும், ஒழுகும் குழாய் மட்டும் நிற்காது. நம் உடலின் செல்லுக்கும் அதே பாடுதான். அதன் சவ்வு வழியே சோடியம், பொட்டாசியம் அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) கசிந்துகொண்டே இருக்கும், சவ்விலுள்ள சோடியம் பம்ப் என்ற புரதம், செல்லின் எரிபொருளான ஏடிபியை (ATP) செலவழித்து அவற்றைத் திரும்ப ஏற்றாவிட்டால் உள்ளே சோடியம் சேர்ந்து, பின்னாலேயே தண்ணீரும் புகுந்து செல் வீங்கிவிடும். அக்கா மகளுக்கு இதைச் சொல்லித்தரப் போய் நானே ஓரிடத்தில் முழித்தேன், அதற்காகத்தான் இந்தப் பதிவு.

காலித் தீப்பெட்டி, தீக்குச்சிகள், கறுப்பு உளுந்து, கொண்டைக்கடலை எடுத்துக்கொள்ளுங்கள். அனிமேஷன் வீடியோ வேண்டாம், எல்லாம் புரிந்த மாதிரியே ஓடிவிடும். பெட்டிதான் பம்ப், உளுந்து சோடியம், கடலை பொட்டாசியம் (அயனியிலும் அதுதான் பெரியது).

மேசையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள், அதுதான் சவ்வு. வெளியே உளுந்து நிறைய, உள்ளே கொஞ்சம், கடலைக்கு நேரெதிர். நிஜத்தில் சோடியம் வெளியே லிட்டருக்குச் சுமார் 145 மில்லிமோல், உள்ளே 12. பொட்டாசியம் உள்ளே 140, வெளியே 4.

பெட்டியைக் கோட்டின் குறுக்கே வைத்து, உள்தட்டைச் செல்லின் உள்பக்கம் இழுத்து 3 உளுந்து போடுங்கள். 3 குச்சிகளை ரப்பர் பேண்டால் கட்டினால் ஏடிபி. ஒன்றை உருவிப் பெட்டியில் செருகுங்கள், அதுதான் பாஸ்பேட். மிச்சமுள்ள இரண்டுக்குப் பெயர் வேறு (ADP), ஆனால் தமிழில் எழுதினால் அதுவும் ஏடிபி என்றே வருகிறது, என்ன செய்ய! இப்போது தட்டை வெளிப்பக்கம் தள்ளுங்கள். வடிவம் மாறியதும் சோடியத்தின் மேலிருந்த பிடி தளர்ந்து, மூன்றும் வெளியே விழும்.

இங்கேதான் நான் கவிழ்ந்தேன். உளுந்து விழுந்ததுமே குச்சியையும் உருவிவிட்டேன், தட்டு வெறுமனே திரும்பி வந்தது, பொட்டாசியம் எப்படி உள்ளே வரும் என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. குச்சியைத் தொடாதீர்கள். வெளியிலிருந்து 2 கடலை வந்து உட்கார வேண்டும், அது உட்கார்ந்த பிறகுதான் பாஸ்பேட் கழலும், அப்புறம்தான் தட்டு உள்ளே திரும்பிக் கடலையை இறக்கும். டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ நண்டுக் கால் நரம்பில் இந்தப் பம்பாகிய நொதியைக் கண்டு 1957-ல் எழுதினார், நோபல் வந்தது 1997-ல்தான்.

பின்சேர்க்கை: 3 வெளியே, 2 உள்ளே என்பதால்தான் செல்லில் மின்னழுத்தம் வருகிறதா என்று இருவர் கேட்டிருந்தார்கள். அதனால் வருவது கொஞ்சம்தான். பெரும்பங்கு, பம்ப் உள்ளே சேர்த்த பொட்டாசியம் தனக்கான கால்வாய்கள் வழியே வெளியே கசிவதால் வருவது.