யானை லத்தியில் சிலியேட்டுகளை உயிரோடு பார்ப்பது எப்படி

பெங்களூருவின் பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவில் கால்நடை மருத்துவரிடம் அனுமதி வாங்கியாச்சா? அடுத்து பாகனிடம் சொல்லிவையுங்கள்: "அண்ணா, போட்ட உடனே கூப்பிடுங்க." நேரம் ஆக ஆக லத்தி வீணாகிவிடும். பெருங்குடலில் ஆக்சிஜன் இல்லாமல், சுமார் 36 டிகிரி சூட்டில் வாழும் சிலியேட்டுகள் எனும் இந்த ரோமமுள்ள ஒருசெல் உயிரிகளைக் காற்றும் குளிரும் கொன்றுவிடும்.

முந்தின இரவே ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, கொதிக்கவைத்து, ஃபிளாஸ்கில் ஊற்றுங்கள். காலையில் சூடு 38 டிகிரிக்கு வந்த பிறகே பயன்படுத்துங்கள். காவிரிக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் இருக்கும்.

உருண்டையைப் பிளந்து நடுப்பகுதியில் மட்டும் 5 கிராம் எடுங்கள். தரையில் பட்ட பகுதியில் மண்ணின் சிலியேட்டுகள் ஏறிக்கொண்டு ஆளை ஏமாற்றும். 20 மில்லி உப்புநீரில் கரைத்து, இரண்டாக மடித்த மல்துணியில் பிழிந்து, சிறு குப்பியில் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். கொஞ்சம் காற்று நின்றாலும் கெடும்.

ஸ்லைடை உள்ளங்கையில் சூடாக்கிய பிறகே சொட்டு விடுங்கள். பெங்களூரு டிசம்பர் காலையில் குளிர்ந்த கண்ணாடி பட்டதும் எல்லாம் அசையாமல் நின்றுவிடும்; செத்துவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள், சூடாக்கிப் பாருங்கள். நுண்ணோக்கியில் 100 மடங்கில் நார்த் துணுக்குகளுக்கு நடுவே உருண்டு நீந்துபவை தெரியும். டிரிப்ளுமேரியா என்ற சிலியேட்டு வகை என்றால் உடலில் ரோமக் கற்றைகள் தனித்தனியாக நிற்கும்.

எண்ணுவதற்கு, ஒரு பங்கு சாற்றுக்கு மெத்தில் கிரீன் என்ற சாயம் கலந்த ஃபார்மலின் (உயிரிகளைக் கொன்று கெடாமல் வைக்கும் திரவம்) உப்புநீர் நான்கு பங்கு சேருங்கள். உட்கரு பச்சையாகும். கையுறை கட்டாயம்.