பட்டாம்பூச்சி கணக்கெடுக்கலாம் வாங்க: முதல் நடை

கேமரா தேவையில்லை. நோட்டு, பென்சில், மணி பார்க்க ஏதாவது ஒன்று. பேனா வேண்டாம், திடீர் மழையில் நனைந்து என் முதல் மாதக் கணக்கு முழுக்க நீலக் கறையாகிவிட்டது.

1. வழி
வீட்டுக்கோ பள்ளிக்கோ பக்கத்தில் வேலியும் செடியுமாக 300 மீட்டர் போதும். எருக்கோ கறிவேப்பிலையோ இருந்தால் யோகம். வாராவாரம் அதே வழிதான். பூத்திருக்கும் பக்கம் கால் இழுக்கும், போகாதீர்கள். வழி மாறினால் போன வாரத்தோடு ஒப்பிட முடியாது.

2. நேரம்
வெயில் கொஞ்சம் ஏறட்டும். உடம்பு சூடானால்தான் பட்டாம்பூச்சி பறக்கும். மழையும் பலத்த காற்றும் இருக்கும் நாளில் போக வேண்டாம்.

3. எண்ணுவது
இடப்பக்கம் இரண்டரை மீட்டர், வலப்பக்கம் இரண்டரை, முன்னால் 5, மேலே 5. இப்படி ஒரு பெட்டி உங்களோடு நகர்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வருவது மட்டும் கணக்கு. நின்று திரும்பிப் பார்த்தால் எண்ணியதையே மறுபடி எண்ணுவீர்கள். இங்கிலாந்தில் எர்னஸ்ட் பொல்லார்டு 1970களில் வகுத்த முறை இது.

4. பெயர்
இங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். எருக்கு தின்று வளரும் வெந்தய வரியன் என்ற ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி, பறவைகளுக்குக் கசக்கும். கசக்காத வேறொரு இனத்தின் பெண், அதே ஆரஞ்சு உடையைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. உட்காரும்வரை பொறுத்திருந்து பின்னிறக்கையைப் பாருங்கள். நடுவில் கரும்புள்ளிகள் இருந்தால் வெந்தய வரியன்: ஆணுக்கு நான்கு, பெண்ணுக்கு மூன்று. நடு வெறுமையாக, மேல் விளிம்பில் மட்டும் ஒரு புள்ளி என்றால் வேஷக்காரி. பறந்துவிட்டதா? 'வரியன் மாதிரி, 1' என்று எழுதுங்கள். ஊகித்த பெயரைவிட அது மேல்.

5. பூஜ்யம்
ஒன்றுமே வரவில்லை என்றால் 0 போடுங்கள். வெற்றுப் பக்கத்தைப் பார்த்தால் நீங்கள் போகவே இல்லை என்றுதான் தோன்றும்.

6. பகிர்வது
போனில் படம் கிடைத்தால் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றுங்கள், விஷயம் தெரிந்தவர்கள் பெயரைச் சரிபார்ப்பார்கள். 2020 முதல் செப்டம்பரில் நாடு முழுக்கப் பட்டாம்பூச்சி மாதமும் நடக்கிறது.

கிளம்பும்முன் எருக்கிலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ரவை போல ஒற்றை வெள்ளை முட்டை இருக்கலாம். அது எண்ணிக்கையில் சேராது, ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எருக்கம்பால் பட்ட கையோடு கண்ணைத் தேய்க்காதீர்கள்.