முதலில் கிருபை, பிறகு ஒழுக்கம்: பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது வரிசை மாறும் இடங்கள்

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்ற மிரட்டல் தர்மபுரிப் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. கிறிஸ்தவ வீட்டில் சாமிக்குப் பதில் இயேசப்பா வருகிறார், அவ்வளவுதான்: "தப்பு பண்ணா இயேசப்பாவுக்கு உன்னைப் பிடிக்காது." பிள்ளை அன்றைக்கு அடங்கிவிடும். ஆனால் அதன் மனதில் பதிந்தது வேறு: ஒழுங்காக இருக்கும்வரை கடவுள் என் பக்கம். அடுத்த முறை தப்பு செய்தால் அதை மறைக்கத்தான் பார்க்கும்.

வேதத்தில் (பைபிளில்) வரிசை இப்படி இல்லை. முதலில் கிருபை, அதாவது தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் தயவு; ஒழுக்கம் அதற்குப் பிறகு. செங்கடலைக் கடப்பது யாத்திராகமம் 14இல், பத்துக் கட்டளைகள் 20இல். அங்கேயும் முதல் வார்த்தை கட்டளை அல்ல, "உன்னை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணினவர் நானே" என்பதுதான். கட்டளைகளை மனப்பாடம் செய்யவைக்கும் ஆசிரியர்கள் பலர் நேராக 3ஆம் வசனத்தில் தொடங்குகிறார்கள். 2ஆம் வசனத்தையும் சேர்த்துச் சொல்லவையுங்கள்.

ஏமாற்றிப் பணம் சேர்த்த வரி வசூல்காரன் சகேயுவின் கதையிலும் இதே சறுக்கல் நடக்கிறது. "திருடினதைத் திருப்பிக் கொடுத்தான், அதனால் இயேசு அவன் வீட்டுக்கு வந்தார்" என்று பிள்ளைகள் சொன்னால் பாடம் தலைகீழாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. லூக்கா 19இல் "உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்பது 5ஆம் வசனம். நாலத்தனையாய் (நாலு மடங்காய்) திருப்பித் தருகிறேன் என்பது 8ஆம் வசனம். இரண்டையும் இரண்டு சீட்டுகளில் எழுதி, எது முன்னால், எது பின்னால் என்று பிள்ளைகளையே அடுக்கவிடுங்கள்.

தாவீதைப் போல தைரியமாக இரு, தானியேலைப் போல ஜெபம் பண்ணு என்று கதைக்குக் கதை முடிப்பது இன்னொரு பழக்கம். கோலியாத்தை வீழ்த்திய அதே தாவீது 2 சாமுவேல் 11இல் இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைச் சாகவும் வைத்தான் என்பது பத்து, பன்னிரண்டு வயதில் தெரியவரும்போது பிள்ளை திகைத்துப்போகும். கதை சொல்லி முடித்ததும் "இதில் கடவுள் என்ன செய்தார்?" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். "நாம் என்ன செய்யணும்?" அதற்குப் பிறகு வரட்டும்.

மத்தேயு 20இல் வரும் திராட்சத்தோட்டக் கூலிக்காரர் உவமை கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கென்றே எழுதினதுபோல இருக்கும். மாந்தோப்பில் காய் பறிக்கப் போகும் ஆட்களையும் கூலிக் கணக்கையும் பார்த்து வளர்கிறவர்கள். காலை 6 மணிக்கு வந்தவருக்கும் சாயங்காலம் 5 மணிக்கு வந்தவருக்கும் ஒரே கூலி என்று சொல்லிப் பாருங்கள். இன்னும் நன்றாக, செய்து காட்டுங்கள்: நாலு பிள்ளைகள் பாய் விரித்து, பாட்டுப் புத்தகங்களை அடுக்கட்டும். கடைசிப் பாயின்போது இன்னும் நாலு பேரைக் கூப்பிடுங்கள். எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு கடலை மிட்டாய், கடைசியாக வந்தவர்களுக்கு முதலில். "டீச்சர், இது அநியாயம்!" என்ற கூச்சல் கட்டாயம் எழும். பாடம் இங்கேதான் கெடுகிறது. "அப்படிப் பொறாமைப்படக் கூடாது" என்று ஆசிரியர் அடக்கினால் மறுபடியும் நடத்தைப் பாடமாகிவிடும். கத்தட்டும். பிறகு, "அஞ்சு மணிக்கு வந்த ஆள் நீதான்னு வெச்சுக்கோ, என்ன நினைப்ப?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

ஞாயிறு வகுப்பின் மதிப்பெண் அட்டைக்கும் இதில் பங்கு உண்டு. வருகைக்கு 5, வசனத்துக்கு 10, காணிக்கைக்கு 5 என்று எழுதிக்கொண்டே "இது உங்களால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு" என்ற எபேசியர் 2:8ஐ ஒப்பிக்கவைப்பது கொஞ்சம் வேடிக்கைதான். காணிக்கைக்கு மதிப்பெண் போடுவதை மட்டுமாவது இன்றே நிறுத்தலாம். காசில்லாத வீட்டுப் பிள்ளை அந்த 5ஐ எங்கே போய் வாங்கும்?

கிருபையை "இலவசம்" என்று விளக்குவதிலும் சிக்கல் இருக்கிறது. இலவசம் என்றால் பிள்ளைக்கு ரேஷன் அரிசிதான் நினைவுக்கு வரும். கார்டு இருந்தால் கிடைப்பது. "நமக்குத் தகுதியில்லாம கிடைச்சது, கொடுத்தவருக்கு விலை அதிகம்" என்று சொல்லுங்கள். கத்தோலிக்க வீடுகளில் இதே சொல் "அருள்". ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், விளங்கியதை அவர்கள் மொழியிலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

கிருபை என்றால் கண்டுகொள்ளாமல் விடுவது என்று நினைப்பது எதிர்ப்பக்கத் தவறு. காணிக்கைக்குக் கொடுத்த 20 ரூபாயில் பையன் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று வாங்கித் தின்றுவிட்டான் என்று வைப்போம். "பரவாயில்ல விடு" என்றால் அவனுக்கு எதுவும் விளங்காது. நாலு பேர் முன்னால் "சாரி சொல்லு" என்று பிடித்து உலுக்கினால், வாய் சொல்லும், மனசு சொல்லாது. தனியாகக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். "கண்ணு, நீ பண்ணினது தெரியும். தெரிஞ்ச பிறகும் நீ எங்க பிள்ளைதான்." இதைச் சொன்ன பிறகுதான் நடந்ததைக் கேட்க வேண்டும். பணம் அவன் உண்டியலிலிருந்து, வாரம் 5 ரூபாயாக நாலு வாரம் போகட்டும். "இது மன்னிப்புக்குக் கொடுக்கிற விலை இல்ல, மன்னிச்சாச்சு, எடுத்ததைத் திருப்பி வைக்கிறோம்" என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சகேயு செய்ததும் அதுதான். நாலு வாரம் முடிந்தபின் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, பாட்டி வீட்டுக்குப் போனாலும்.

வகுப்பில் ஒன்றிரண்டு கிறிஸ்தவப் பிள்ளைகளே இருக்கும் ஊர்களில் "நாம கிறிஸ்தவங்க, அவங்களைப் போலப் பேசக் கூடாது" என்பது சாதாரணமாக வரும் வார்த்தை. அது பிள்ளைக்குக் கற்றுத்தருவது பெருமை. "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு" என்பது அதே எபேசியர் 2இன் அடுத்த வசனம்.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் இயேசுவை ஏற்றுக்கொள்கிறேன் என்று சில பிள்ளைகள் வருஷா வருஷம் கை தூக்குவார்கள். எண்ணிக்கையில் சேர்த்துவிட்டுப் போகாமல், ஏன் என்று கேளுங்கள். "போன வருஷமும் தூக்கினேன், ஆனா அப்புறம் தப்பு பண்ணிட்டேன்" என்று பதில் வந்தால் மறுபடி அதே ஜெபத்தைச் சொல்லவைக்க வேண்டாம். லூக்கா 15ஐத் திறந்து கொடுங்கள். சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகன் யோசித்து வைத்த பேச்சு 18, 19ஆம் வசனங்களில் இருக்கிறது. அப்பாவிடம் நிஜமாகச் சொன்னது 21இல். எந்த வரி விட்டுப்போயிருக்கிறது என்று பிள்ளையே விரல் வைத்துத் தேடட்டும். "கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்" என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா வேலைக்காரரிடம் உயர்ந்த வஸ்திரம் கேட்டுவிட்டார்.