மழைக்காலத் துணியில் மக்கல் வாடையா?

ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் கொடியில் தொங்கிய துண்டு, காய்ந்த பிறகும் ஒரு மக்கல் வாடை அடிக்கும். ஈரத்திலேயே கிடக்கும் துணியில் பெருகும் பாக்டீரியாதான் காரணம். அதற்காகச் சோப்புத்தூளை அள்ளிப் போடாதீர்கள். சரியாக அலசாத சோப்பு வாடையைக் கூட்டத்தான் செய்யும். அரை வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து, அரைமணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசிவிட்டு வழக்கம்போல் துவையுங்கள். (பிளீச்சோடு மட்டும் வினிகரைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும்.) வெயில் இல்லையென்றால் ஃபேனுக்கடியில் இடைவெளி விட்டுப் போடுங்கள். ஜீன்ஸை உள்பக்கம் திருப்பி உலர்த்துங்கள், பாக்கெட்தான் கடைசியில் காயும்.

இத்தனைக்கும் போகவில்லையா? வாஷிங் மெஷின் கதவின் ரப்பர் மடிப்பை விரலால் தடவிப் பாருங்கள். எங்கள் வீட்டில் குற்றவாளி அதுதான்.