பி.எம்.ஐ: சரியாக அளப்பதும் சரியாகப் புரிந்துகொள்வதும்

உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்தான் பி.எம்.ஐ (உடல் நிறை குறியீட்டெண்). அந்தக் கணக்கு தப்பாகிப்போவது பெரும்பாலும் உயரத்தால்தான். எடையை உயரத்தால் இரண்டு முறை வகுக்கிறோம். உயரத்தில் விழும் பிழை விடையில் இரட்டிப்பாகிவிடும். என்றைக்கோ அளந்த உயரத்தை நம்பாமல் இன்று புதிதாக அளந்துகொள்ளுங்கள்.

கொண்டையை அவிழ்த்துவிட்டு, வெறுங்காலோடு சுவரில் முதுகு சாய நில்லுங்கள். குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றும் சுவரைத் தொடட்டும். பார்வை நேராக இருக்கட்டும். சுவரின் அடியில் டைல்ஸ் பட்டை துருத்திக்கொண்டிருந்தால் குதிகால் முன்னே தள்ளிவிடும், வேறு சுவர் பாருங்கள். தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றை இன்னொருவர் உங்கள் உச்சந்தலையில் வைத்து, அதன் விளிம்பைச் சுவரோடு சேர்த்து அழுத்தி, அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போடட்டும். புத்தகம் சாய்ந்தால் ஒரு சென்டிமீட்டர் போய்விடும். தரையிலிருந்து கோடு வரை இரும்பு டேப்பால் அளக்க வேண்டும். துணி டேப் நாளாக ஆக இழுபட்டிருக்கும்.

எடை மெஷினைக் கெட்டியான, சமமான தரையில் வையுங்கள். காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடாமல், லேசான உடையில் ஏறுங்கள். உடம்பில் நீரின் அளவு மாறுவதால் ஒரே வாரத்துக்குள் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது சகஜம். அது கொழுப்பு அல்ல.

இனி கணக்கு. 160 செ.மீ. உயரம் என்றால் 1.6 மீட்டர். 1.6 × 1.6 = 2.56. எடை 64 கிலோ என்றால் 64 ÷ 2.56 = 25. உயரத்தைப் பெருக்க மறந்து 1.6-ஆல் மட்டும் வகுத்தால் 40 வந்து பயமுறுத்தும். அடிக்கணக்கில் இன்னும் பெரிய குழி இருக்கிறது. 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று தட்டி 30.48-ஆல் பெருக்கினால் 155 செ.மீ. வரும், உண்மையில் அது 178 செ.மீ. எல்லாவற்றையும் அங்குலமாக்கி (70), பிறகு 2.54-ஆல் பெருக்குங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலில் 18.5-க்குக் கீழே எடைக்குறைவு, 24.9 வரை இயல்பு, 25 முதல் அதிக எடை, 30 முதல் உடற்பருமன். ஆசியர்களுக்கு இன்னும் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் தலைகாட்டுவதால், 23-லிருந்தே கவனம் தேவை, 27.5-க்கு மேல் ஆபத்து அதிகம் என்று அந்நிறுவனத்தின் நிபுணர் குழு கூறியது. நம்மவர்கள் 23-ஐத்தான் மனதில் வைக்க வேண்டும். 160 செ.மீ. உயரத்துக்கு அது 59 கிலோ.

ஆனாலும் இந்த எண் கொழுப்பை அளப்பதில்லை. பெல்ஜியக் கணிதவியலாளர் அடோல்ஃப் கெட்லே 19-ஆம் நூற்றாண்டில் இதை வகுத்தது மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராய. தனி மனிதரின் நோயைக் கண்டுபிடிக்க அல்ல. தசை திரண்ட விளையாட்டு வீரருக்கு எண் கூடுதலாகக் காட்டும். தசை கரைந்த முதியவருக்கு இயல்பாகக் காட்டி ஏமாற்றும், இதுதான் அதிகம் கவலைப்பட வேண்டியது. கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. 20 வயதுக்குள் இருப்பவர்களுக்கு வயது, பாலினம் சார்ந்த வளர்ச்சி அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் வயிற்றையும் சேர்த்து அளந்துவிடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்டதும் படிக்க வேண்டும். பேன்ட் கட்டும் இடத்தில் அளந்தால் குறைவாகத்தான் காட்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. பி.எம்.ஐ 22 இருந்தும் வயிறு எல்லையைத் தாண்டியிருந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்புப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

எடை கூடுதலாக இருந்தால் முதல் இலக்கு உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைப்பது. 64 கிலோ ஆளுக்கு 3 முதல் 6 கிலோ. வாரம் அரை கிலோ போதும். அவசரப்பட்டால் கொழுப்போடு தசையும் கரையும். எந்த முயற்சியும் இல்லாமலே ஆறு மாதத்தில் 5 சதவீதம் குறைந்திருந்தால், பி.எம்.ஐ எந்தக் கட்டத்தில் இருந்தாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள்.