பெர்த்திலிருந்து லண்டன்: விமான தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்குப் போடலாம்

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு எங்கும் நிற்காமல் பறக்கும் சேவையைக் குவாண்டாஸ் விமான நிறுவனம் 2018 மார்ச்சில் தொடங்கியது. அந்தத் தூரத்தையும் நேரத்தையும் கண்டுபிடிக்க sin, cos பொத்தான்கள் உள்ள ஒரு கால்குலேட்டர் போதும். வேறு எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இதே வழிதான்.

சுவரில் மாட்டும் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து மட்டும் அளக்காதீர்கள். உருண்டையைத் தட்டையாக்கும்போது துருவப் பக்கம் போகப் போக நிலம் இழுபட்டுவிடுகிறது.

படி 1: இடத்தைக் குறியுங்கள்

கூகுள் மேப்பில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. தெற்கும் மேற்கும் மைனஸ்.

பெர்த்: -31.94, 115.97
ஹீத்ரோ: 51.47, -0.46

படி 2: தூரம்

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியன் என்ற வேறொரு கோண அளவில் இருந்தால் விடை தாறுமாறாக வரும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இரு அட்சரேகைகளின் சைன் (sin) மதிப்புகளைப் பெருக்கினால் -0.414. அடுத்து, தீர்க்கரேகை வித்தியாசம் எடுங்கள். ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் இங்கே கூட்ட வேண்டும்: 116.43. இதன் காஸ் (cos) மதிப்பை இரு அட்சரேகைகளின் காஸ் மதிப்புகளோடு பெருக்கினால் -0.235. இரண்டையும் கூட்டினால் -0.649. இதற்குத் தலைகீழ் காஸ் (cos⁻¹) போட்டால் ஏறக்குறைய 130.48 டிகிரி.

பூமியின் மேல் ஒரு டிகிரி 111.19 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: சுமார் 14,508 கிலோமீட்டர். பூமி துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதால் சில கிலோமீட்டர் முன்பின் இருக்கும், பரவாயில்லை.

படி 3: நேரம்

இந்தப் பாதைக்கு வந்த போயிங் 787-9 மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்தால் 16 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணி சேருங்கள். பதினாறரை மணி நேரத்தைத் தாண்டுகிறது.

ஆனால் போக ஒரு நேரம், வர ஒரு நேரம். விமானம் பறக்கும் உயரத்தில் பலத்த காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. அதனால் லண்டனிலிருந்து பெர்த்துக்கு நம் கணக்கை ஒட்டியே வரும். பெர்த்திலிருந்து லண்டனுக்கு எதிர்காற்று, பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வான்வெளிச் சிக்கல் வந்தால் இன்னும் நீளும். 2024 ஆகஸ்டில் ஈரான் வான்வெளியைத் தவிர்க்க, பெர்த் விமானம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிப் போனது.

படி 4: கடிகாரம்

பெர்த்தில் மாலை 7 மணிக்குக் கிளம்பி 17 மணி 20 நிமிடம் பறந்தால், பெர்த் கடிகாரத்தில் மறுநாள் பகல் 12.20. லண்டன் 8 மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்கே விடியற்காலை 4.20. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள், பெர்த்தில் அந்த வழக்கம் இல்லை. அந்த மாதங்களில் 7 மணி நேரம் மட்டும் கழியுங்கள்: 5.20.